கடைசி அத்தியாயமும் பக்கத்து சீட் அக்காவும்

எட்டு வருடமாகப் போனில் படித்துவந்த ஷோஜோ மங்கா, அதாவது பெண்களுக்கான ஜப்பானியப் படக்கதை, இன்று காலை மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன்.

பக்கத்து சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. தங்கையைப் பார்க்கக் கோட்டக்குப்பம் போகிறவர்.

"வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"இல்லக்கா, படக்கதை முடிஞ்சிடுச்சு" என்று போனைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னா கதை, சொல்லு."

ஒரே வகுப்பில் படிக்கும் இருவர், பிடித்திருக்கிறது என்று சொல்லத் தயங்கித் தயங்கிக் கடைசியில் சொல்லிவிடும் கதை. பஸ் பொம்மையார்பாளையம் வரும் வரை சொன்னேன்.

"எங்களுக்குக் கல்யாணமாயி இருவது வருஷம் ஆவுது. எங்க வீட்டுக்காரரு இன்னும் சொல்லல" என்றார்.

"நீங்க சொன்னீங்களாக்கா?"

அக்கா தன் போனை எடுத்து, உப்பளத்தில் இருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"சாப்ட்டாச்சா?... ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன்."

வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இதுக்கு மேல வரலம்மா."

அந்தக் கதைக்கு ஏன் எட்டு வருடம் பிடித்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உங்கள் வீட்டில் முதலில் சொன்னது யார்?