கலர் காட்டிய கண்ணாடி

மகள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய அப்பா வேலையாக வவுனியாவுக்குப் போயிருந்தார். பிறகு சண்டையில் பாதை பூட்டிவிட்டது. பிள்ளைக்கு ஒன்பது மாதமாகியும் அவர் அவள் முகம் பார்க்கவில்லை. மல்லாவி ஸ்ரூடியோக்காரரின் கமராவில் இன்னும் ஒரேயொரு படம் எடுக்க ரோல் மிச்சமிருப்பதாக மச்சாள், அவருடைய தங்கை, அறிந்து வந்தாள். பயணப் பாஸ் கிடைத்த ஒருவர் அந்த ரோலை மறுநாள் வவுனியாவுக்குக் கழுவக் கொண்டுபோகிறார்.

பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை போட்டேன். நாவூறு படாமல் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைத்தேன். சிறிதாகப் பட்டது, பெரிதாக்கினேன்.

"இது பொட்டில்லை மச்சாள், தோசை," என்றாள் அவருடைய தங்கை.

நாங்கள் போனபோது ஸ்ரூடியோக்காரர் கலியாண வீடொன்றுக்காக வீடியோக் கமராவைக் கார் பற்றரியில் கொழுவிச் சோதித்துக்கொண்டிருந்தார். கேட்டு வாங்கிக் கண்ணை வைத்தேன். உள்ளே தீப்பெட்டியளவு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. மச்சாள் கையிலிருந்த பிள்ளையின் சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரிந்தது. ஓரத்தில் இன்னொரு கறுப்பு.

"அது உங்கட விரல், தங்கச்சி. லென்சை மறைக்குது."

"சிவப்பையே கறுப்பெண்டு காட்டுறது, விரலைச் சரியாக் காட்டுமோ அண்ணை?"

"ரேப்பில கலர் வரும். உள்ளுக்கு மட்டும்தான் இப்பிடி. ஆனா லென்ஸ் காணுறதைத்தான் உது காட்டும்."

நான் நம்பவில்லை. அவர் படக் கமராவை எடுத்ததும், "ஒருக்கால் பாக்கட்டே?" என்று அதையும் வாங்கினேன். லென்சுக்கு மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை. அதற்குள் சட்டை சிவப்பு. பொட்டுக்கூட அளவாகத்தான் இருந்தது. விரலும் இல்லை. இதுதான் நேர்மையான கமரா என்று முடிவெடுத்தேன்.

"சிரிக்கிறாள் மச்சாள், அமத்துங்கோ."

அமத்தினேன். ரோல் முடிந்தது. ஸ்ரூடியோக்காரர் என் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அந்தக் கண்ணாடி வேற, லென்ஸ் வேற."

குனிந்து பார்த்தேன். விரல் லென்சின் மேல் இருந்தது. எவ்வளவை மறைத்தது என்று சொல்ல அவராலும் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. மச்சாள் பறித்து உரத்து வாசித்தாள்.

"ஒரு கண், ஒரு கன்னம், அதிலை ஒரு பெரிய பொட்டு. மிச்சமெல்லாம் உம்மட விரல். நாவூறு படாமல் எல்லாரும் பொட்டுத்தான் வைப்பினம், பிள்ளையை மூடமாட்டினம். ஆனா அந்த ஒரு கண் என்ரை கண். படம் எப்பவும் சட்டைப் பைக்குள்ளதான்."

அவள் சிரித்து முடிக்குமுன் நான் பதில் எழுத இருந்துவிட்டேன். வவுனியா வெயிலில் வியர்வை பட்டு அந்த ஒரு கண்ணும் அழிந்துபோகாதா? முதலில் படத்தை வேறு பைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன்.