மேசைமேல் ஓர் உள்ளங்கை

“கதவை யாரு இடிச்சது? உங்க வீட்ல கதவுக்குப் பதிலா சாக்குப் படுதாவா தொங்குது?”

கேட்டபடியே அந்த ஆய்வாளர் மேசைமேல் உள்ளங்கையைப் பரப்பி நின்றாள். அதிர்வைக் காட்ட ஆய்வகத்தில் கருவி இருக்கிறது. அவள் நம்புவது கையைத்தான். அதிர்வு அடங்கிய பிறகே செல் வளரும் பெட்டியைத் திறப்பாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பூகம்ப அக்கா’. “பேரை எப்படி வேணா வைங்க. கதவை மட்டும் மெதுவா சாத்துங்க.”

பெட்டிக்குள் மெல்லிய ரப்பர் ஏட்டில் ஒட்டிக்கொண்டு நோய் எதிர்ப்பு செல்கள் வளர்கின்றன. ஏட்டை ஓர் இயந்திரம் இழுத்து இழுத்து விடும். கிருமியோடு சண்டை போடுவதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. எலும்பின் மேல் விழும் சுமையையும் அவை உணர்கின்றன. உணர்ந்து சைகை அனுப்புகின்றன. பழைய எலும்பைக் கரைப்பதிலும் புதியதைக் கட்டுவதிலும் அந்தச் சைகைக்குப் பங்குண்டு. அவள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: “இழுத்தாத்தான் அதுங்க பேசும். சும்மா விட்டா தூங்கும், எங்க வீட்டு ஆள் மாதிரி.”

வீட்டு ஆள் என்பது அண்ணன். பேருந்து ஓட்டுநர். கிளட்ச் மிதிக்கும் கால் முறிந்து, கூடி, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. நன்றாக ஊன்றி நடக்கலாம் என்று மருத்துவர் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லிவிட்டார். அவனோ கக்கத்துக் கட்டையோடு நொண்டியடிக்கிறான். சுமை விழாமல் கால் குச்சியாகிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை பணிமனைக்குள் தானாக நடந்து போகாவிட்டால் அவன் வண்டி வேறொருவன் கைக்குப் போய்விடும்.

ஞாயிறு மாலையும் அதே பாட்டு.

“இன்னும் கொஞ்சம் கூடட்டும்மா.”

“கூடிடுச்சுண்ணே! டாக்டர் சொல்லியாச்சு, படமும் சொல்லியாச்சு.”

“வலிச்சா உனக்கா வலிக்கும்?”

“கண்ணுக்குத் தெரியாத செல்லு கூட நான் சொன்னா கேக்குது. உனக்கு ஆறடி உடம்பு, பூனைக்குட்டி மனசு!”

“பூனைக்கு நாலு காலு. எனக்கு இருக்கிறதே ரெண்டு.”

“அதுல ஒண்ணைத் தொட்டிலாட்டம் தொங்கவிட்டிருக்கியே!”

சட்டென்று கட்டையைப் பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். ஒரு கதவையும் இடித்தறியாதவள், வீடே அதிர அந்தக் கதவைச் சாத்தினாள்.

“ஏய், ராட்சசி! கட்டையைக் குடு!” கொஞ்ச நேரம் வசவு வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவள் குந்தி உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். நல்ல கால் ஊன்றியது கைக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, லேசாக, இன்னொரு காலும்.

அவள் கையை எடுக்கவில்லை.