போத்தனூர் வழியாகப் போன பூசை வண்டி

"சீட்டுக்குச் சண்டை போடறவளெல்லாம் எறங்கற எடம் வந்தா அதைய இங்கயே உட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்பார் பம்பு கம்பெனி அக்கா. ஈரோட்டுக்குப் போகும் சாயங்கால வண்டியில், பெண்கள் பெட்டியில், எங்கள் யாருக்கும் பேர் கிடையாது. வேலை பார்க்கிற இடம்தான் பேர். நான் ஜவுளிக்கடை. என் எதிர் சீட்டில் உட்காருகிறவர் நகைக்கடை. நாங்கள் இருவரும் கோயமுத்தூரிலேயே ஏறிவிடுவோம். பம்பு கம்பெனி அக்கா பீளமேட்டில் ஏறுவார். ஊர் ஊத்துக்குளி.

அந்த வருஷம் அவர் வேலையை விட்டிருந்தார். சீசன் டிக்கெட்டை மட்டும் விடவில்லை. மார்பில் கட்டி. பீளமேட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொள்வதற்காக, வேலைக்குப் போன அதே வண்டியில் போய் அதே வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லாத ஊட்டுல பொறந்தவ நானு. இப்பப் பாருங்க, ஒடம்புக்கே கனெக்சன் குடுத்துப்போட்டாங்க" என்பார். பெட்டியே சிரிக்கும். சிரித்து முடித்ததும் ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

எங்கள் பெட்டிக்குப் பெரிய நோம்பி என்றால் ஆயுத பூசைதான். பூசை அன்று லீவு என்பதால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியில் கொண்டாடிவிடுவோம். வாசலில் மாவிலை, கம்பியெல்லாம் கதம்பம், டிரைவர் அறைக்கு மாலை, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம். ரயிலில் நெருப்புக் கூடாது, அதனால் கற்பூரம் கிடையாது. அதற்குப் பதிலாக வாசல் கைப்பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அதுதான் எங்கள் பூசை. வைக்கிற கை எப்போதும் பம்பு கம்பெனி அக்காவுடையது. சுண்டலும் அவருடையதுதான்.

"அடுத்த வாரத்தோட கரண்ட் முடியுதுங்க. அப்பறம் எம்புள்ள தாராபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவா. இந்த ஒரு நோம்பி உங்களோட கும்பிட்டுப்போட்டேன்னாப் போதும். நான் ஏறுனதுக்கு அப்பறந்தான் பொட்டு வெக்கோணும், சொல்லிப்போட்டேன்" என்று அந்த வருஷம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 'இந்த ஒரு நோம்பி' என்றாரே, அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயமுத்தூர் ஸ்டேஷனில் மாலையும் கையுமாக ஓடிப்போய் முன்பக்க டிரைவர் அறையை மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்தோம். நகைக்கடை அக்கா பழங்களை வைத்தார். ஒலிபெருக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தினமும் போகிறவர்கள் அறிவிப்பை எங்கே காதில் வாங்குகிறார்கள்? எங்கள் வண்டி, எங்கள் பாதை, எங்களுக்குத் தெரியாததா?

வண்டி நகர்ந்தது. பின்பக்கமாக!

பழைய பாசஞ்சருக்கு எஞ்சின் தனியாக இருக்கும், முகம் எது என்று சந்தேகம் வராது. இந்த மெமு வண்டிக்கு இரண்டு பக்கமும் முகம். பீளமேட்டுப் பாதையில் தண்டவாள வேலையாம். அன்றைக்கு மட்டும் போத்தனூர் வழியாகச் சுற்றி இருகூர் போய்ச் சேருமாம். மாலை போட்ட முகம் கடைசியில் வந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் தண்டவாளத்திலேயே கிடந்தன.

"நெத்தியில வெக்கற பொட்டப் பொடனியில வெச்சுப்போட்டமே!" என்று நகைக்கடை அக்கா சத்தம் போட, பெட்டி மொத்தமும் சிரித்தது. என் சிரிப்பு பாதியில் நின்றது. போத்தனூர் வழி போனால் பீளமேடு வராது.

உடனே பம்பு கம்பெனி அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப வண்டி இங்க வராதுங்களா?"

"வராதுங்கக்கா."

"இருகூருக்கு வந்துதான ஆகோணும்? நான் ஆட்டோப் புடிச்சு வாரேன். பொட்டு வெச்சுப்போடாதீங்க கண்ணு."

போத்தனூர்ப் பாதையில் எங்களில் பலர் போனதே இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ரயில் சரித்திரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலில் உட்கார்ந்து காதால் கேட்டதுதான். மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு முதன்முதலில் தண்டவாளம் போட்டபோது இதுதான் பாதை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர். கோயமுத்தூரை அந்த ரயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குள் பிறகுதான் கிளை வந்தது, பீளமேட்டுப் பாதை அதற்கும் வெகுகாலம் கழித்து. மற்ற நாளாயிருந்தால் இதையெல்லாம் கைதட்டல் வாங்குகிற மாதிரி சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லச் சொல்ல எனக்கே ருசிக்கவில்லை. எல்லோர் கண்ணும் என் கையிலிருந்த போன் மேல்.

"சிங்காநல்லூர் தாண்டிட்டேன்" என்றார் அக்கா. அப்புறம், "ஒரே டிராபிக்குங்க" என்றார். பிறகு எடுக்கவே இல்லை. சந்தனக் கிண்ணம் என் மடியில் காய்ந்துகொண்டிருந்தது. இருகூருக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெட்டி சிவப்பு விளக்குக்குக் கும்பிடு போட்டது.

நாங்கள் இருகூர் போய்ச் சேர்ந்தபோது அவரும் வந்திருந்தார். ஆனால் எதிர்ப் பிளாட்பாரத்தில். நடுவில் தண்டவாளங்கள், தலைக்கு மேல் நடை மேம்பாலம். சுண்டல் இருந்த தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்தார். ஒரு படி ஏறினார். இன்னொன்று ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"குறுக்கால வாங்கக்கா!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"வேண்டாமுங்க! கூட்ஸ் வருதுங்க!" என்று நான் கத்தினேன்.

நகைக்கடை அக்கா பிளாட்பாரத்தில் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். நாங்கள் போட்ட மாலைக்குப் பின்னால் இப்போது கார்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங் சார், சித்த நேரமுங்க, சீக்காளிங்க" என்று கெஞ்சினார். கார்டு எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைத்தார், பொய் சொல்லக் கூடாது. பிறகு, "படியேற முடியாதும்மா அவங்களால. பின்னால வண்டி நிக்குது" என்றார்.

பம்பு கம்பெனி அக்காவுக்கு அது எங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. படியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, வாசலைக் காட்டினார். வை என்கிறார்.

காய்ந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டுக் குழைத்துக் கைப்பிடியில் வைத்தேன். குங்குமம் வைத்து நிமிர்வதற்குள் கூட்ஸ் குறுக்கே வந்துவிட்டது. நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போக, இடுக்கில் அவர் சேலை மட்டும் அவ்வப்போது தெரிந்தது. எங்கள் வண்டி முதலில் கிளம்பியது. பூசைக்கு வாங்கிய பொரியை யாரும் வாயில் போடவில்லை.

லீவு முடிந்து அவர் மகளோடு காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்கள் வண்டியில் பிறகு ஏறவே இல்லை. தை பிறக்கும் முன்னே போன் வந்தது.

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. காங்கேயம் வழியாக பஸ்ஸில் போனோம். மகள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "நீங்க ஜவுளிக்கடை, நீங்க நகைக்கடை" என்று சரியாகச் சொல்லி அழுதது. அன்றைக்கு இருகூரில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் சுண்டலைக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்ததாம். "எம்பட பொட்டிக்காரங்க மட்டும் திங்கல" என்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

எழவு வீட்டில் 'வாரேனுங்க' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் எழுந்து வந்து பஸ் ஏறினோம். ரயிலென்றால் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து அழுதிருப்போம். பஸ்ஸில் எல்லோரும் முன்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். காங்கேயம் வரும்வரை முன்சீட்டில் இருந்த நகைக்கடை அக்காவின் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை.