தோட்டத்தில் ஒரு குளிர்ந்த அறை

எனக்கென்று ஓர் அறை கிடைத்ததற்குக் காரணம், அது மட்டமான அறையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பியது. அது கைவிட்டுப் போனதற்குக் காரணம், யாரும் நினைக்காத அளவுக்கு அது நன்றாக அமைந்துவிட்டது. கதை இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு ஆறாது.

தொண்ணூறுகளின் நடுவில் புருஷன் வீட்டிலிருந்து மதுரை திருநகரில் இருந்த அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஏன் வந்தேன் என்பதில் புதிதாக எதுவும் இல்லை, ஊரில் பல பெண்கள் வருகிற காரணம்தான். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் வந்து, என் பெட்டியை முன்னால் நிறுத்திக்கொண்டு, "ஏறு பாப்பா" என்றார். அப்போது எனக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு நான் எப்போதும் பாப்பாதான். மதினியும் நல்லவர். வந்த அன்றே தன் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

இடம்தான் இல்லை. இருந்த இரண்டு படுக்கையறைகளில் ஒன்று அண்ணனுக்கும் மதினிக்கும், இன்னொன்று அவர்களுடைய மகனுக்கும் மகளுக்கும். நான் ஹாலில், டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டிலில். அண்ணன் செய்தி பார்த்து, பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்து முடித்த பிறகுதான் கட்டில் விரியும். காலையில் பால்காரர் மணியடிப்பதற்குள் மடங்கிவிட வேண்டும். அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழவேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்று அதையும் சீக்கிரம் முடித்துக்கொள்வேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் சாத்திக்கொள்ள ஒரு கதவு, அவ்வளவுதான்.

பசுமலையில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சாருக்கு மண் பைத்தியம். வயிற்றுப்பாட்டுக்கு எல்லோரையும் போல செங்கல்லும் சிமெண்டுமாக வீடு கட்டிக் கொடுப்பார். ஆனால் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் மண்கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். செங்கல் சூளைக்கு எவ்வளவு விறகு எரிகிறது, கண்மாய் மண்ணெல்லாம் எப்படிப் போகிறது, வைகையில் மணல் அள்ளும் லாரிகள் இன்னும் எத்தனை காலத்துக்கு ஓடும் என்று ஒரு பாட்டம் கொட்டுவார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், "சார், எங்கப்பா மண்வீட்டுல கெடந்தாரு. அதுலருந்து வெளிய வரத்தான் நான் படிச்சு வேலைக்கே போனேன். மறுபடி அதுக்குள்ள போகச் சொல்றீகளே" என்பார். சார் செங்கல் வீட்டு எஸ்டிமேட்டை எடுத்து நீட்டுவார். எனக்கும் அந்த ஆள் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆனால் எஸ்டிமேட்களை டைப் அடிப்பது நான்தானே. ஒரே அளவு அறை, ஒன்று வழக்கமான முறையில், இன்னொன்று சாரின் முறையில். கீழே வரும் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஓர் ஆசை முளைத்துவிட்டது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நகை கொஞ்சம் என்னிடம் இருந்தது. அதை விற்றால் வழக்கமான முறையில் நாலு சுவர்கூட எழும்பாது. சாரின் முறையில் ஒரு முழு அறையே வந்துவிடும்.

வீட்டில் சொன்னபோது மதினி பதறினார். "மண்ணுலயா கட்டப் போற? வாரவுக போறவுக பாத்தா மாட்டுக்கொட்டகைன்னுல நெனைப்பாக."

"பின்னாடிதான கட்டுறா. அங்க யாரு வந்து பாக்கப் போறா, விடு" என்றார் அண்ணன்.

இப்படி எனக்கு அனுமதி கிடைத்தது. பின்னால், வேப்பமரத்தடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில். நானும் பின்னால் இருக்க வேண்டியவள்தான் என்று அப்போது எனக்கே தோன்றியதால் அது உறைக்கவில்லை.

நகையை விற்று அஸ்திவாரம் தோண்டியபோது மேலே கரிசல் வந்தது. கரிசல் உதவாது, காய்ந்தால் வெடிக்கும் என்று சார் அதைச் செடிகளுக்கு ஒதுக்கச் சொன்னார். அதற்குக் கீழே செம்மண். ஒரு பூஸ்ட் பாட்டிலில் அந்த மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மணல் எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று படிய வைத்துப் பார்த்தார். பிறகு கொஞ்சமே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கையால் இழுத்து அழுத்தும் இயந்திரத்தில் கல் கல்லாக எடுத்தார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, காலையில் ஆபீஸ் போகுமுன்னும் சாயங்காலம் வந்த பிறகும் நான்தான் தண்ணீர் தெளித்தேன். பக்கத்து வீட்டம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்ன, எருக்குழியா?" என்று கேட்டார். "ஆமா, பங்கு வேணுமா?" என்றேன்.

கதவும் ஜன்னலும் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கியவை. யாருடைய வீட்டிலோ தலைமுறையாகத் திறந்து மூடிய தேக்குக் கதவு, புதுப் பிளைவுட் கதவைவிட மலிவாகக் கிடைத்தது. கூரை கான்கிரீட்தான். ஆனால் நடுநடுவே பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்து ஊற்றியதால் சிமெண்டும் கம்பியும் மிச்சம், ஓட்டுக்குள் அடைந்த காற்று வெயிலையும் தடுத்தது. மேற்குவெயிலுக்கு வேப்பமரம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. கூரையில் விழும் மழை ஒரு குழிக்குள் இறங்கியது. பின்னாளில் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கம் விரட்டியபோது, எங்கள் வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

குடிபோன அன்று கதவைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாகப் பசித்தது.

முதல் கோடை வந்ததும்தான் அறையின் அருமை தெரிந்தது. மதுரை வெயில் பகலில் வீட்டுத் தளத்தைக் காய்ச்சிவிட்டுப் போகும், தளம் அந்தச் சூட்டை இரவெல்லாம் தலையில் இறக்கும். பெரிய வீட்டில் ஃபேன் சுற்றினாலும் அடுப்பங்கரைக் காற்றுத்தான். என் அறையில் பல நாள் ஃபேனே போடவில்லை. கரண்ட் போனால் எனக்குத் தெரியாது, பெரிய வீட்டில் விசிறி தேடும் சத்தத்தில்தான் தெரியும். ஒரு வருஷம் அந்த அறையில் நான் ராணி. படித்தேன், தைத்தேன், பாதி நாள் எதுவும் செய்யாமல் அணில்களை வேடிக்கை பார்த்தேன். என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்வேன்.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு எழுமலையிலிருந்து மதினியின் அப்பா வந்தார். மதுரையில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சித்திரையில் விருந்தாளி வராமல் தீராது. மாமாவுக்கு வெக்கை ஆகாது, நெஞ்சு படபடக்கும். நான் ஆபீஸ் போயிருந்த மத்தியானத்தில் அவரை என் அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நான் வந்தபோது மலர்ந்த முகத்தோடு எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க தோப்புல கெணத்தடியிலகூட இம்புட்டுக் குளிர்ச்சி கெடையாது தாயி. என்னத்த வச்சுக் கட்டுன?"

பெருமையாக இருந்தது. பாட்டிலில் மண்ணைக் குலுக்கியது முதல் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அன்று மாமா அங்கேயே படுத்தார். "ஒனக்கென்ன, ஒத்த ஆளு. ஹால்ல படுத்தா ஆச்சு. வந்த எடத்துல அவுக கஷ்டப்படக் கூடாதுல்ல" என்றார் மதினி. அது சரிதான். நல்ல இடம் விருந்தாளிக்கு, இருப்பதில் பெரிய மீன் துண்டு விருந்தாளிக்கு. நானும் அப்படி வளர்ந்தவள்தானே. மடக்குக் கட்டில் மறுபடி விரிந்தது.

மாமா ஊருக்குப் போனார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் குளிர்ச்சி பிடிபட்டுவிட்டது. அண்ணன் மகனுக்கு ப்ளஸ் டூ. "அங்க ஒக்காந்து படிச்சாத்தான், அத்த, மண்டையில ஏறுது" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அண்ணன் தலையணையோடு வந்துவிடுவார். தக்காளி அங்கே வாடாமல் இருக்கிறது என்று மதினி கூடையைக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். ஒருவர்கூட அதட்டிக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்த முகமாகக் கேட்டார்கள். அதட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாருக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை அழைத்துவந்து அறையைக் காட்டுவார். "கரண்ட் பில்லச் சொல்லுங்கம்மா" என்பார். ஒரு பல்பு, எப்போதாவது ஒரு ஃபேன் என்று நான் ஒப்பிப்பேன். வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து அதிசயிப்பார்கள். சிலர் தங்கள் வீட்டிலும் அதேபோல் கட்டிக்கொண்டார்கள். ஒருநாள் ஓர் அம்மா, "இதுல யாரு இருக்கா?" என்று கேட்டார். கட்டிலில் மாமா விட்டுப்போன மாத்திரை டப்பா, மேஜையில் பையனின் புத்தகங்கள், மூலையில் தக்காளி. என் பொருள் என்று ஒரு சேலை மட்டும் கொடியில் தொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "கெஸ்ட் ரூமா வச்சிருக்காங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

அடுத்த கோடையில் துணிந்து ஒரு பூட்டு வாங்கினேன். பூட்டிவிட்டு ஆபீஸ் போனேன். நாள் முழுவதும் டைப் அடித்ததில் தப்பு மேல் தப்பு. திரும்பி வந்தால், மாமா எழுமலையிலிருந்து வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதினி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். மாமாதான் எழுந்து, "வந்துட்டியா தாயி, ஒண்ணும் அவசரமில்ல, மொத காப்பி குடி" என்றார். நான் காப்பி குடிக்கவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து அது அடுப்பங்கரை ஆணியில் தொங்கியது.

கொடுத்திருக்கக் கூடாது என்று வருந்துகிறேன். கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் வருந்தியிருப்பேன். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழி ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அது அப்போது தட்டுப்படவில்லை.

சில மாதங்களில் பசுமலையில் ஒரு மொட்டைமாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். பஸ் அலைச்சல் என்று காரணம் சொன்னேன். அடுத்தடுத்து இருக்கும் திருநகருக்கும் பசுமலைக்கும் நடுவில் அலைச்சல் என்ன வாழ்கிறது. யாரும் நம்பவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அந்த மாடி அறை சார் திட்டுகிற எல்லாத் தப்புகளையும் சேர்த்துக் கட்டியது. தளம் நேரே வெயிலில், மேற்கே நிழல் இல்லாத ஜன்னல், சுற்றிலும் ஒரு செடி கிடையாது. பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர்கூட மத்தியானத்தில் கை வைக்க முடியாமல் சுடும். நான் ஒருத்தி அங்கே எரித்த கரண்டுக்குத் தோட்டத்து அறையில் ஒரு குடும்பமே இருந்திருக்கலாம். சிக்கனம் பற்றி ஊருக்கெல்லாம் ஒப்பித்தவள் நான். கடைசியில் மாதா மாதம் வாடகை கொடுத்து வெந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கத்திரி வெயிலில் அண்ணன் மாம்பழப் பையோடு என்னைப் பார்க்க வந்தார். படியேறியதில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, தளத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"அங்க அம்புட்டு நல்ல ரூமு கெடக்கு. இந்த வேக்காட்டுல வந்து கெடக்கியே பாப்பா. நாங்க ஏதும் தப்பாச் சொன்னமா?"

"இல்லண்ணே."

"மதினி ஏதும் சொன்னாளா?"

"அவுக ஒண்ணும் சொல்லல."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றதை அப்போதுதான் கேட்டேன். "அது யாரு ரூமுண்ணே?"

அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். "இதென்ன கேள்வி? நம்ம ரூமுதான்."

அதில் துளி கள்ளம் இல்லை. எனக்குக் கொடுக்க அவரிடம் இருந்ததிலேயே பெரிய சொல் அதுதான். டேபிள் ஃபேனை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மாம்பழம் நறுக்கத் தட்டை எடுத்தேன்.