தூரம் கலந்த சிவப்பு

வண்டி செய்கிறேன் என்று சொன்னால் பெரிய வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் செய்தது மேசையில் வைக்கிற வண்டி. நிஜத்தில் இருபத்து நாலு அடி நீளம் என்றால் என்னிடம் ஓர் அடி. ஆனால் கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், டயரில் வெட்டு தெரியும். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். "கல்யாண வயசுல பொண்ண வெச்சிகினு பொம்ம வண்டி செய்றியே மாமு" என்று அங்கே ஒருவன் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான். இப்போது ஃபோர்க்லிஃப்டும் இல்லை, பொம்மை வண்டியும் இல்லை. கண் போய்விட்டது. முழு இருட்டு இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. உங்கள் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் அழுக்குத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் "இன்னா" என்றால் அவள் "என்ன" என்று திருத்திவிடுகிறாள். படித்த பிள்ளை, இருந்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படி வண்டி செய்கிற எங்கள் கூட்டம் நாலே பேர். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்து கதவைத் திறந்தால் சாயங்காலம் வரை அங்கேதான் கிடப்போம். எண்ணூரிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் வருவார். எல்லோருக்கும் சக்கரம் கடைந்து தருவது அவர்தான். நாலாவது ஆள் ஒரு பெண். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் புடவைக்கு மேட்சாக பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கிற வேலை. உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவள் தங்கச்சி. தன் பிள்ளைக்கு ஒரு ஆட்டோ செய்து கொடுக்கப் போய் இதில் மாட்டிக்கொண்டவள். நெயில் பாலிஷை வண்டிக்கு அடித்தால் நிஜ பெயின்ட் மாதிரியே மின்னும் என்று எங்களுக்குக் காட்டியது அவள்தான்.

அந்த அறையில் வேறு பேச்சே கிடையாது. கட்சி கிடையாது, வீட்டுச் சண்டை கிடையாது. ஒருவர் வண்டியை மேசையில் வைத்தால் மற்ற மூவரும் குற்றம் சொல்ல வேண்டும். "நல்லாக்கீது" என்பது எங்களுக்குக் கெட்ட வார்த்தை. "பம்பரு இன்னா நைனா, பல்செட்டு மாட்னா மாதிரி துருத்திகினு கீது" என்பார் இன்ஜின்காரர். பட்டி சரியாகத் தேய்க்கவில்லை, கண்ணாடி தடிமன், ஆணித் தலை பெரிசு என்று மணிக்கணக்கில் போகும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குற்றம் சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், பதில் வைத்திருப்பேன்.

நிறத்தைப் பற்றிய பேச்சைப் படகை வைத்து ஆரம்பித்ததும் இன்ஜின்காரர்தான். "கரைல நிக்க சொல்ல ஒரு போட்டு பளிச்சுனு நீலமா கீது. அதே போட்டு ஆழத்துக்குப் போய் நிக்க சொல்ல வெளுத்துப் போவுது. நீலம் எங்க பூட்ச்சி?" என்று ஒருநாள் சும்மா கேட்டார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சின்ன வண்டியைப் பார்ப்பது பெரிய வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி. அப்படியென்றால் டப்பாவில் வருகிற நிறத்தை அப்படியே அடித்தால் பொம்மைதான் வரும். அடக்கி அடிக்க வேண்டும். சாம்பலோ மண்ணோ இரண்டு சொட்டு விட்டு மங்க வைக்க வேண்டும். இதை "தூரம் கலக்கறது" என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். "இன்னும் கொஞ்சம் தூரம் கலந்து அடி நைனா" என்பது எங்கள் அறைக்கு வெளியே யாருக்கும் புரியாது. ஆனால் அது உண்மை. அப்படி அடித்த வண்டிகள் போட்டோவில் நிஜ வண்டி போலவே நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சொன்னதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. யார்டில் டீசல் புகை, வீடு இருப்பதோ கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம். எங்கள் தெருவில் யாருக்கு இருமல் இல்லை? சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசநோய் என்றார்கள். வீட்டில் மட்டும் சொன்னேன், மாடி அறையில் சொல்லவில்லை. ஒரே டம்ளரில் டீ மாற்றிக் குடிக்கிற கூட்டம். தங்கச்சி வீட்டில் சின்னப் பிள்ளை. ஆரம்பத்தில் ஊரில் இல்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேன். இனி உங்களால் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பப் போனேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்களோ என்று பயம்.

மாத்திரை கொடுத்த நர்சம்மா நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். "மூத்திரம் ஆரஞ்சா போவும், பயப்படாதீங்க. ஆனா செவப்பும் பச்சையும் மாறித் தெரிஞ்சுதுன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம வந்துடணும். இதுல ஒரு மாத்திர ஒரு சிலருக்குக் கண்ணுல கை வைக்கும். ஒடனே நிறுத்துனா கண்ணு தப்பிக்கும்."

நான் ஒன்றும் அலட்சியமாக இல்லை. தினமும் சோதித்தேன். எப்படி என்று கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வேலைக்குப் போகிற வழியில் சிக்னலைப் பார்ப்பேன். மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இடத்தை வைத்தே நிறம் தெரிந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்று திருப்தியாகப் போய்விடுவேன். மூத்திரத்தில் ஆரஞ்சு குறைந்த மாதிரி இருந்தபோதுகூட, பரவாயில்லை, உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் தீயணைப்பு வண்டி ஒன்று செய்தேன். யார்டுக்குப் போகிற சாலையில் நிற்கிற வண்டி, ஊரே பார்த்த சிவப்பு. ஏணி, குழாய்ச் சுருள், மணி என்று ஒன்றையும் விடவில்லை. பெயின்ட் கலக்கிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு மண் நிறம் விட்டாலும் இன்னும் கொஞ்சம் விடலாம் போலவே இருந்தது. முடித்தபின் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சாலைக்கே போனேன். நிஜ வண்டி எதிர்ப்பக்கம் நின்றது. இந்தப்பக்கம் நின்று கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, என் வண்டியை அதன் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். இரண்டும் ஒன்று. ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக இருந்த நாள் அதிகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை மேசையில் வைத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

தங்கச்சிதான் வாயைத் திறந்தாள். "அண்ணா, இது சேப்பு இல்லியே. பாக்குக் கலரு."

"தூரம் கலந்துகிறேன்" என்றேன்.

"தூரம் கலந்தா சேப்பு வெளுக்கும்ணா. இது சேப்பே இல்ல. உள்ள பச்ச ஓடுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தே, பொடவைய மடில போட்டுப் பாப்பாங்க. வண்டிய ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு பாக்கணும். நான் நேர்ல எடுத்துகினு போய் வெச்சிப் பாத்துட்டு வந்துகிறேன். நீ கடைல துணி கிழிக்கற வேலைய வண்டில காட்டாத." இப்படித்தான் பேசினேன். இதை விட்டுவிடட்டுமா என்று மகள் கேட்கிறாள். எழுது.

அவள் முகம் சுருங்கிப் போனது. இன்ஜின்காரர் வண்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கும் பாக்கு நிறமாகத்தான் தெரிந்திருக்கிறது, பிறகு சொன்னார். ஆனால் அன்றைக்கு, "நேர்ல வெச்சிப் பாத்துட்டு வந்துகிறான். நாம இன்னாத்துக்குப் பேசறது" என்று கீழே வைத்துவிட்டார். லேத்துக்காரர் தலையை ஆட்டி, "இவன் நம்மள தாண்டி எங்கியோ பூட்டான்" என்றார். எங்கள் அறையில் யாரும் யாரையும் அப்படிப் பாராட்டியது கிடையாது. நான் பூரித்துப் போனேன். போனது எங்கே என்று அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு என் வண்டிகள் எல்லாம் மண்ணும் சாம்பலுமாக வந்தன. ஒரு பச்சை ஜீப் செய்தேன், அதுவும் மண். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று தெரியும். வேறெந்தக் கூட்டமாக இருந்தாலும் முதல் நாளே, "யோவ், கண்ண காட்டு" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்களிடம் அதற்கு ஒரு நியாயம் தயாராக இருந்தது. சிவப்பு தெரியாதவன் சிவப்பை மங்கலாக அடிக்கிறான், நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து அது எவ்வளவு நுணுக்கம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு பார்வை சட்டென்று இறங்கியது. டோல்கேட் ஸ்டாப்பில் நின்றால் பஸ் நம்பர் தெரியவில்லை. சிக்னலில் எந்த விளக்கு எரிகிறது என்பதே புரியவில்லை. யார்டில் கன்டெய்னர் நம்பரை ஒருவன் பக்கத்தில் நின்று படிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் என் மனைவி டீ கொண்டுவந்து எதிரே நின்றாள், முகம் இல்லை. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஒரு சொட்டு மருந்து பாட்டிலை என் முன்னால் நீட்டி, "மூடி என்ன கலர்?" என்று கேட்டார். மண் நிறம் என்றேன். அது நல்ல சிவப்பு மூடியாம். "எவ்வளவு நாளா இப்படி?" என்றார். கண்ணை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டிகளை வைத்துச் சொன்னேன். தீயணைப்பு வண்டி, அதற்குப் பின் ஜீப், அதற்குப் பின் இரண்டு லாரி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிதான் அதை மாதக் கணக்கில் மாற்றிச் சொன்னாள். டாக்டர் என் தோளில் கை வைத்து, "அந்த மொதல் வண்டியோட வந்திருந்தா மாத்திரைய நிறுத்திக் காப்பாத்தியிருப்போம். இப்ப நிறுத்தறோம். திரும்பலாம், திரும்பாமலும் போலாம்" என்றார்.

திரும்பவில்லை. காசநோய் மட்டும் வேறு மருந்தில் முழுக்கக் குணமாகிவிட்டது. நுரையீரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யார்டில் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, குருடன் கையில் ஃபோர்க்லிஃப்டை யார் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கிறேன். எரிச்சல் வருகிறது, யார் மேல் என்று தெரியாமல் எல்லோர் மேலும் வருகிறது.

வெகு நாள் கழித்து இன்ஜின்காரர் வந்து கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் அங்கே வைத்துச் சொன்னேன். நோய், மாத்திரை, நர்சம்மா சொன்னது, சிக்னல். லேத்துக்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். இன்ஜின்காரர், "டேய், டம்ளர நான் கழுவி வெச்சிருப்பேன்டா. அவ்ளோதான்டா" என்றார்.

தங்கச்சி பையிலிருந்து ஏதோ எடுத்து என் கையில் வைத்தாள். சின்ன கார். தடவிப் பார்த்ததும் தெரிந்தது, ரொம்ப நாளைக்கு முன் அவள் செய்த சிவப்புக் கார்.

"இதுக்கு நீ சொன்னா மாதிரி மேல அடிச்சிட்டேன்ணா. உன்னோடது மாதிரியே, பாக்குக் கலரு" என்றாள். "நீ நேர்ல வெச்சிப் பாத்துட்டு வந்தேன்னு சொன்னதும் என் கண்ணுதான் தப்புனு நெனச்சேன். மறுநாளு கடைல ஒரு அம்மாக்குத் துணி எடுத்துக் குடுக்க சொல்ல கை ஓடல. வாசலுக்கு எடுத்துகினு போய் வெயில்ல வெச்சிப் பாக்கறேன், பக்கத்துப் பொண்ணக் கூப்ட்டுக் கேக்கறேன். இன்னி வரிக்கும் ஒவ்வொரு துணிக்கும் கேட்டுகினுதான் கீறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிறு அங்கேயே உட்கார்ந்து பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டு அந்தக் காரைச் சுரண்டினாள். கீழிருந்து பழைய சிவப்பு வரவில்லை, புதிதாகத்தான் அடிக்க வேண்டியிருந்தது. காற்றில் காயவைத்து என் முன்னால் வைத்தவள், "சரியா கீதா பாருண்ணா" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

நான் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் அதைப் பார்க்க முயன்றேன். நடுவில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் ஏதோ இருட்டாக ஒரு கட்டி. என்ன நிறம் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

"நீ சொல்லு" என்றேன்.

காரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அழுகிற குரலில், "சேப்புண்ணா" என்றாள்.

"யாரையும் கேக்காத. சேப்புதான்" என்றேன்.