சுவரோடு சுருதி சேர்ப்பவர்

கிட்டாரைத் தோளில் மாட்டியதும் ட்ரெவர், இந்த பப்பின் மேடைப் பின்சுவரில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கம்பியை முறுக்குவார். சுருதி பார்க்கும் கருவியை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் இங்கே ஒலிபெருக்கி பார்ப்பவன். என் சாமானை மதிக்காவிட்டால் எனக்குப் பொறுக்காது. ஆனால் கம்பி என்னவோ ஒவ்வொரு முறையும் ஒரே சுருதியில்தான் நிற்கிறது.

எழுபதுகளின் கடைசியில் பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்த கையோடு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தெருவுக்கு ஒரு பேண்ட் முளைத்தபோது தொடங்கிய பழக்கம் இது. எஃகு ஆலையை ஒட்டிய ஈர அறை ஒன்று ட்ரெவரின் பேண்டுக்குக் கிடைத்தது. ட்ரெவர் கிட்டார், நார்மன் டிரம்ஸ், பாட்டுக்கு, அவர்கள் தோளுக்குக்கூட எட்டாத போலின். சுருதி சேர்க்க ஒருவருக்கும் தெரியாது.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் மெஷின் ஙொய்ங்னு ஒரே மாதிரி கத்திக்கிட்டு இருக்கும். அதோட சேத்துக்கிட்டோம். ஊருக்கே நாங்கதான் அபஸ்வரம்" என்று சிரிப்பார் ட்ரெவர்.

முதல் கச்சேரிக்கு முந்தின வாரம் போலின் காய்ச்சலில் இறந்தாள். பிறகு ஆலையையும் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். ட்ரெவருக்கு மட்டும் எந்தச் சுவரிலும் அந்த ரீங்காரம் கேட்கிறது. அதற்கு அடியில் போலின் முணுமுணுப்பதும் கேட்கிறதாம்.

"உனக்குத் தெரிஞ்சதே மூணு ஸ்வரம். இதுல பேய்க்குப் பக்கவாத்தியம் வேறயா?" என்பார் நார்மன்.

"பீரைக் குடிடா, கிழவா."

இந்தக் குளிர்காலத்தில் ட்ரெவருக்குக் காது மந்தமாகிவிட்டது. டாக்டர் கொடுத்த காது மெஷின் சட்டைப் பையிலேயே கிடந்தது. என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்: "மாட்டிக்கிட்டா எல்லாம் தெளிவா கேக்குமாம்யா. சுவத்துல ஒண்ணுமே இல்லன்னு தெளிவாத் தெரிஞ்சுட்டா நான் எங்க போவேன்?"

நேற்று ஒத்திகையில் ட்ரெவருக்குத் தாளம் திரும்பத் திரும்பத் தப்பியது. நார்மன் குச்சிகளைக் கீழே போட்டார். "அதைக் காதுல மாட்டுடா. இல்லேன்னா நான் வீட்டுக்குப் போறேன்." குரலில் கேலியே இல்லை.

ட்ரெவர் மாட்டிக்கொண்டார். சுவரில் காதை வைத்ததும் காது மெஷின் கீச்சென்று கத்தி அடங்கியது. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"என்னடா, ஒண்ணும் இல்லியா?" என்றார் நார்மன் மெதுவாக.

ட்ரெவர் காது மெஷினைக் கழற்றாமலே திரும்பினார். மேடை நடுவில் நின்ற மைக்கைத் தூக்கிவந்து, சுவரைப் பார்க்க நிறுத்தினார். அதன் உயரத்தைக் குறைத்தார். சற்று நிதானித்து, ஒரு குட்டைப் பெண்ணின் வாயளவுக்கு இன்னும் குறைத்தார்.