என் பேரில் ஏழு காடை

அன்று வேட்டைக்குப் போனது நாலு பேர். டெக்சாஸில், பேர்லேண்ட் என்ற ஊரில் நான் சமையல் செய்த ஓட்டலின் முதலாளி; ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால் துப்பாக்கியைத் தொடவில்லை. அவருடைய மச்சான். அவர்களுக்கு வேண்டிய டாக்டர் ஒருவர். நாலாவது நான், எட்டாவதோடு படிப்பை விட்டவன். வேட்டை லைசென்ஸ் எடுத்திருந்தவர்கள் மச்சானும் டாக்டரும் மட்டும்.

டெக்சாஸின் மேற்குக் கோடியில், பர்மிட் வாங்கினால் யாரும் வேட்டையாடக்கூடிய அரசு நிலம். பத்து மணி நேரம் டிரைவ். வழி முழுக்க எனக்கு ஒரே கவலை, கிரீன் கார்டு பேப்பர். இந்தச் சமையல்காரன் என் கடைக்கு வேண்டும் என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய கவர் ஆறு மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. "வேட்டைக்கு வா, திரும்பினதும் போட்டுடறேன்" என்றிருந்தார்.

நம்மூர்ச் சீமைக்கருவேலம் மாதிரியே முட்புதர். அதற்குள் நீலக் காடைகள், தலையில் பஞ்சை ஒட்டியதுபோல் வெள்ளைக் கொண்டை. லேசில் பறக்காது, ஓடும். நாய் கிடையாது, நான்தான் முள்ளுக்குள் ஓடிக் கிளப்ப வேண்டும்.

"டேய், குரைடா! அப்பதான் பறக்கும்" என்றார் மச்சான்.

குரைத்தேன்.

அரை உயிரோடு விழுந்தவற்றைப் பார்த்து முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாலை போட்டவன் முன்னாடி துடிக்கக் கூடாது. நீ திருகு. பாவம் உன்னோட போகட்டும்."

கழுத்து சூடாக இருக்கும். திருகிய பிறகும் கட்டைவிரலுக்கடியில் கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ளும்.

ஒரு லைசென்ஸுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து காடைதான். பயந்தவன், திருகத் திருக எண்ணினேன். "முப்பது ஆயிடுச்சு சார். போதும் சார்."

டாக்டர் சிரித்தார். "எட்டாங்கிளாஸ் கணக்கு கரெக்டாத்தான் இருக்கு. ஓடு."

முப்பத்தேழில் வேட்டை அதிகாரியின் டிரக் வந்து நின்றது. பையைக் கொட்டி எண்ணினார். மிச்சம் ஏழு யாருடையது?

முதலாளி என்னைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். 'குக்' என்பது மட்டும் விளங்கியது. பிறகு அதே சிரித்த முகத்தோடு தமிழில்: "தலையாட்டு. கேஸ் வந்தா டாக்டர் ப்ராக்டிஸ் பாழாயிடும். உனக்கு என்ன போகப்போவுது?"

"பேப்பர், முதலாளி..."

"ஆட்டினாத்தான் பேப்பர்."

என் இரண்டு கையிலும் ரத்தமும் இறகும் ஒட்டியிருந்தன. ஆட்டினேன். லைசென்ஸ் இல்லாமல் ஏழு காடை சுட்டவன் என்று என் பேரில் சீட்டு எழுதினார் அதிகாரி.

"குரைக்கிற நாய் கடிக்காதுன்னாங்க, இது சுட்டுடுச்சே!" என்று ஊர் வந்து சேரும்வரை மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அபராதம் ஐந்நூறு டாலர். முதலாளி கட்டிவிட்டு, சம்பளத்தில் மாதம் இருபது பிடித்தார். அது தீர்ந்ததும் கையெழுத்து என்றார். மொத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "என்ன அவசரம்?" என்றார்.

பதினேழு மாதம் பிடித்தார். பிறகு ஓட்டலை விற்றார். கல்லாவுக்கு அடியிலிருந்து கவரை எடுத்துத் தூசி தட்டி, கையெழுத்தில்லாமலே என்னிடம் நீட்டினார்.

"கடையே இல்ல, இனிமே எதுக்குக் கையெழுத்து? ஆனா உன் பாக்கி இன்னும் நூத்தி அறுபது டாலர்."